மார்ச் பதினைந்து, நண்பகல் பன்னிரண்டு

என் பேத்திக்கு உரிய ஒரு கடிதத்தை நான்கரை மாதங்கள் என் காருக்குள் ஒளித்து வைத்திருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் என் வயதில் எல்லோரும் நம்புவார்கள். எனக்கு எழுபத்தொன்று. ஆனால் மறக்கவில்லை, வேண்டுமென்றே செய்தேன். பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று நம்பிக்கொண்டு செய்தேன் என்பதுதான் இதில் இன்னும் வெட்கம்.

டென்மார்க்கில் பிராண்டே என்ற சிற்றூரில் இருக்கிறேன், இங்குள்ள தமிழர்கள் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஏழு ஆண்டுகள் கணிதம் படிப்பித்தேன். இங்கே வந்து காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் அவற்றை உரசி மினுக்கினேன். இருபத்தாறைவிட ஏழுதான் எங்கள் சனத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான்.

ஓய்வு பெற்றதும் எனக்கு இன்னொரு வேலை தானாக வந்து சேர்ந்தது. கிம்னாசியம் என்ற மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார்கள். ஒரு கையில் ரோல்ஸ் நிறைந்த டப்பா, மற்றக் கையில் பிள்ளையின் புள்ளிப் பத்திரம். இந்த நாட்டில் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எட்டுத் தெரிவுகள் வரை வரிசையாக எழுதலாம். எதை முதலில் போடுவது, எதை எட்டாவதாகப் போடுவது என்று நான் சொல்வேன். பெற்றோர்கள் தலையாட்டுவார்கள். பிள்ளை தான் கொண்டுவந்த ரோல்ஸைத் தானே சாப்பிடும்.

என்னிடம் ஒரு கட்டக் கொப்பி இருந்தது. ஒவ்வொரு ஆண்டும் பத்திரிகையில் வரும், இடம் கிடைக்க வேண்டிய வெட்டுப்புள்ளிகளை அதில் வரைபடமாகக் கீறி வைத்திருந்தேன். கொப்பன்ஹேகன் மருத்துவபீடத்துக்குச் சிவப்புக் கோடு, ஓகூஸுக்கு நீலம், ஓடன்சேக்குப் பச்சை. ஓல்போர்க்கில் மருத்துவபீடம் பிந்தித்தான் வந்தது. அதற்கு வர்ணம் வாங்க மனமில்லாமல் வெறும் பென்சிலால் கீறினேன். நாட்டிலே எங்கே படித்தாலும் ஒரே வைத்தியர்தான், ஒரே ஆஸ்பத்திரிகள்தான் என்று டேனிஷ்காரர்கள் சொல்வார்கள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சிவப்புக் கோட்டைத் தடிப்பாக்குவேன்.

இங்கே உள்ளே போக இரண்டு வழிகள் உண்டு. ஜூலை ஐந்தாம் திகதி நண்பகலுக்குள் விண்ணப்பித்தால் புள்ளியை மட்டும் பார்ப்பார்கள். அது முதலாம் கோட்டா. மார்ச் பதினைந்தாம் திகதி நண்பகல் பன்னிரண்டுக்குள் விண்ணப்பித்தால் புள்ளியையும் பார்ப்பார்கள், அது போதாவிட்டால் நுழைவுத் தேர்வு, வேலை அனுபவம் போன்ற மற்றவற்றையும் பார்ப்பார்கள். அது இரண்டாம் கோட்டா. விதிகள் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். ஆனால் முந்திப் போகிற பிள்ளை இரண்டு தரம் எண்ணப்படும், பிந்திப் போகிற பிள்ளை ஒரு தரம்தான் எண்ணப்படும். ஒன்றைவிட இரண்டு பெரிது என்பது ஒரு கணித மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தது, மனம்தான் ஏற்கவில்லை. நான் உயர்தரப் பரீட்சை எழுதிய காலத்தில் ஊரில் தரப்படுத்தல் வந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளி உயர்ந்தது. எனக்கு முந்தைய ஆண்டு அதே புள்ளிகள் எடுத்தவர்கள் மருத்துவபீடத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. அன்றிலிருந்து, புள்ளியைத் தவிர வேறு எதைக் கொண்டு ஒரு பிள்ளையை எடுத்தாலும் அதன் பின்னால் யாரோ ஏமாற்றப்படுகிறார்கள் என்பது எனக்கு வேதம் ஆகிவிட்டது. கோட்டா என்றாலே பின்கதவு. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பெற்றோரிடமும் இதைச் சொன்னேன். மார்ச்சில் போவது புள்ளி இல்லாதவர்கள் செய்கிற வேலை, எங்கள் பிள்ளைகள் முன்கதவால் போகவேண்டும் என்று சொன்னேன். அங்கே என்னிடமிருந்து பறித்தது ஒன்று, இங்கே என் பேத்திக்கு நீட்டியது வேறொன்று என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஐம்பது ஆண்டுகளும் ஒரு கடிதமும் தேவைப்பட்டன.

பேத்தி என் மகளின் மூத்த பிள்ளை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்வாள். முக்கியமான விடயமென்றால் மட்டும் தமிழுக்கு வருவாள். கிம்னாசியம் முடித்த ஆண்டு என் சொல்லைக் கேட்டு ஜூலையில் விண்ணப்பித்தாள். முதலாவது தெரிவு கொப்பன்ஹேகன் மருத்துவபீடம். மயிரிழையில் தவறியது. கீழே எழுதிய மற்ற மருத்துவபீடங்களும் அதே மயிரிழையில் தவறின. என் கொப்பியைத் திறந்து, அடுத்த ஆண்டு சிவப்புக் கோடு இறங்கும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, பிராண்டேயில் உள்ள முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த இல்லத்தில் என் பழைய வேலைத்தோழர் ஒருவர் இருக்கிறார். டேனிஷ்காரர். தொழிற்சாலையில் இருபது ஆண்டுகள் என் பக்கத்து மேசையில் நின்றவர். ஓய்வு நேரங்களில் அவருக்கு முந்நூற்றிநாலு சீட்டு விளையாட்டைப் பழக்கியது நான்தான். அதில் கேள்வி கேட்டவர், அதாவது ஏலம் எடுத்தவர், துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார். தேவை வரும்வரை அது எதுவென்று வேறு யாருக்கும் தெரியாது. இந்த ஒளிப்பு அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. செவ்வாய்க்கிழமைதோறும் நான் அங்கே போவேன். பேத்தி வேலை முடிந்து வந்து எங்களோடு உட்காருவாள். நாலாவது கைக்கு இல்லத்தில் இருக்கிற ஒரு அம்மா வருவார். அவருக்கு விதிகள் ஞாபகம் நிற்காது, ஆனால் எப்படியோ வெல்வார்.

அடுத்த ஆண்டு ஜனவரியில், மகளின் குசினியில் பேத்தி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள், இந்த முறை மார்ச்சில் விண்ணப்பிக்கப் போகிறாளாம், முதல் தெரிவு ஓல்போர்க்காம். ஏன் ஓல்போர்க் என்று கேட்டேன். அங்கே சிறு குழுக்களாக உட்கார்ந்து, ஒரு நோயாளியின் கதையை எடுத்து வைத்து, அதிலிருந்து உடம்பைப் படிக்கிறார்கள் என்றாள். போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை.

"கொப்பன்ஹேகன் எண்டு சொன்னால் சனம் எழும்பி நிக்கும்," என்றேன். "ஓல்போர்க் எண்டு சொன்னால், அங்கை ஏன் போனவள் எண்டு கேக்கும்."

"வருத்தம் எண்டு வாற நோயாளியள் கேக்கமாட்டினம், அம்மப்பா."

"மார்ச்சிலை போறது பின்கதவு, பிள்ளை."

மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ரெண்டு கதவையும் தட்டட்டுமன் அப்பா. ஆர் திறக்கினமோ அதாலை போகட்டும்."

நான் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனேன். இது என் வழக்கமான தந்திரம். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தால் வீட்டில் எல்லோரும் பணிவார்கள் என்பது என் அனுபவம். அன்று பேத்தி அதை எடுத்துத் தானே குடித்துவிட்டாளாம்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பேத்திக்கு அன்று விடுமுறை. சீட்டு விளையாடிவிட்டு வெளியே வரும்போது இல்லத்தின் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடித உறையைத் தந்தார். பேத்தி கேட்ட சான்றுக் கடிதம், எத்தனை மாதம் வேலை செய்தாள், எப்படிச் செய்தாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன், விண்ணப்பத்தோடு சேர்க்கவேண்டும், இன்று மாலை அவளைப் பார்ப்பீர்கள்தானே என்றார். பார்ப்பேன் என்றேன். நன்றியும் சொன்னேன்.

காரில் ஏறி, முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டிக்குள் உறையை வைத்தேன். மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் எண்ணத்தோடுதான் வைத்தேன். இது சத்தியம். முதலாவது சுற்றுவட்டத்தில் அவள் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். நான் திரும்பாமல் சுற்றுவட்டத்தை ஒரு தரம் முழுதாகச் சுற்றினேன். பிறகு இரண்டாவது தரமும் சுற்றினேன். பின்னால் வந்த பால் லாரி ஹோர்ன் அடித்தது. நான் என் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நினைப்பதை நிறுத்தி, கணக்குப் போடத் தொடங்கினேன். கடிதம் இல்லாவிட்டால் அவள் மார்ச்சில் விண்ணப்பிக்க மாட்டாள். ஜூலையில் சிவப்புக் கோடு இறங்கும். கொப்பன்ஹேகன் கிடைக்கும். பிறகு எனக்கு நன்றி சொல்வாள். பெட்டிக்குள் உறை கிடந்தது, பெட்டிக்கு முன்னால் அவளும் இருந்தாள். அந்த வாரத்திலேயே இரண்டு தரம் அவளை வேலைக்கு ஏற்றிப் போனேன். அவள் முழங்காலுக்கும் கடிதத்துக்கும் இடையில் ஒரு சாண் கூட இல்லை.

மார்ச் பதினைந்து காலை முழுவதும் நான் குசினி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே முக்காலுக்குக் கார்ச் சாவியைக் கையில் எடுத்தேன். மூன்று தெரு, நாலு நிமிடம். நேரம் இருந்தது. சாவியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். பன்னிரண்டு அடித்தபோது சாவி கையில்தான் இருந்தது. முதலில் ஒரு நிம்மதி வந்தது. அது தேத்தண்ணி கொதிக்கும் நேரம்வரைகூட நிற்கவில்லை.

அதன் பிறகு வந்த வசந்தகாலம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. பேத்தி மட்டும் சந்தோசமாக இருந்தாள். கோபிப்பாள், அழுவாள், கடிதம் வரவில்லையே என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சீட்டு விளையாட்டில் என்னைத் தொடர்ந்து தோற்கடித்தாள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சிநேகிதிகளோடு எங்கோ போகிறேன் என்று விடியவே ரயிலேறிப் போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமை இல்லத்துக்குப் போனபோது என் வேலைத்தோழர் அவளைப் பார்த்து இரண்டு பெருவிரல்களையும் உயர்த்திக் காட்டினார். அவள் விதிகள் மறக்கும் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். கிழவர்களோடு பிள்ளைக்கு எவ்வளவு ஒட்டு என்று பெருமைப்பட்டுக்கொண்டு சீட்டைக் குலுக்கினேன்.

கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார். ஊரில் ஒரே வகுப்பில் படித்தோம். என்னைப் போலவே ஒரே ஆண்டில், ஒரே காரணத்தால் தவறியவர். சனிக்கிழமை காலைகளில் தொலைபேசியில் கதைப்போம். அவருடைய பேரன் கொப்பன்ஹேகன் மருத்துவபீடத்தில் இரண்டாம் ஆண்டு. எந்தக் கதை தொடங்கினாலும் பத்து நிமிடத்துக்குள் அந்தப் பீடத்தின் வாசலில் கொண்டுவந்து விடுவார்.

"என்ன மாஸ்டர், இந்த முறையாவது உங்கடை சிவப்புக் கோடு கீழை இறங்குமோ?" என்று ஜூனில் கேட்டார். "இல்லாட்டி பிராண்டேயிலை மாட்டுக்கு டாக்டர் இருந்தால் போதுமோ?"

இறங்கும் என்று சொன்னேன். வாய் சொன்னதே தவிர மனம் காருக்குள் கிடந்தது. பெட்டியைத் திறக்கவே பயந்து, கண்ணாடி துடைக்கிற துணியைக்கூட எடுக்காமல் ஊத்தைக் கண்ணாடியோடு ஓடித் திரிந்தேன்.

ஜூலை கடைசியில் முடிவு வரும் நாள். காலை எட்டு மணிக்கே மகள் வீட்டுக்குப் போனேன். பேத்தி தோட்டத்து மேசையில் உட்கார்ந்து பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தாள். போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மகள் கோப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். பார்த்துவிட்டாளா என்று கேட்டேன். உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்றாள் மகள்.

இதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனில்லை என்று அந்த நேரத்தில்தான் பட்டது. தவறியது என்று முடிவு வந்த பிறகு சொன்னால் அது அழுகிற பிள்ளைக்கு இன்னொரு அடி. கிடைத்தது என்று வந்த பிறகு சொன்னால் அது பகிடி. இரண்டுக்கும் முன்னால் சொல்வதுதான் நேர்மை. உட்காராமலே சொன்னேன்: பொறுப்பாளர் தந்த கடிதத்தை நான் தரவில்லை, காருக்குள் வைத்திருந்தேன், மார்ச் பதினைந்து போகட்டும் என்று காத்திருந்தேன், மறதியில்லை.

மகள் கோப்பையை மேசையில் வைத்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அது எனக்கு உரியது, நானே வைத்துக்கொள்கிறேன்.

பேத்தி பாணைக் கடித்து, மென்று, விழுங்கினாள். பிறகு தமிழில் சொன்னாள்: "எனக்குத் தெரியும், அம்மப்பா."

எனக்கு விளங்கவில்லை.

"மார்ச் பத்தாம் திகதி பொறுப்பாளர் என்னட்டைக் கேட்டவ, அம்மப்பாட்டைக் குடுத்த கடிதம் கிடைச்சதோ எண்டு. அடுத்த நாள் நீங்கள் போத்தில் போட மெஷினுக்குப் போனீங்கள். நான் காருக்குள்ளை இருந்தனான். பெட்டியைத் திறந்து பார்த்தன்."

வெற்றுப் போத்தல்களைக் கடை வாசலில் உள்ள, காசு திருப்பித் தரும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகப் போட எனக்கு இருபது நிமிடம் எடுக்கும். நான் ஒரு போத்தலையும் வீணாக்காதவன்.

கண்டவள் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். எடுத்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றாள். பொறுப்பாளரிடம் இன்னொரு பிரதியில் கையெழுத்து வாங்கி, போனில் படமெடுத்து விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டாளாம். பதினைந்தாம் திகதி அல்ல, பதின்மூன்றாம் திகதியே. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் வேலையிடத்தில் என் தோழருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏப்ரல் சனிக்கிழமை போனது நுழைவுத் தேர்வுக்கு. முதியோர் இல்லம் முழுவதற்கும் தெரியும். விதிகள் ஞாபகம் நிற்காத அந்த அம்மாவுக்கு இது மட்டும் ஞாபகம் நின்றிருக்கிறது.

பிறகு போனைத் திருப்பிக் காட்டினாள். காலை ஆறு மணிக்கே பார்த்துவிட்டாளாம். கொப்பன்ஹேகனை அவள் எட்டுக்குள் எங்குமே எழுதவில்லை. ஓல்போர்க், மருத்துவம், இரண்டாம் கோட்டா. இடம் கிடைத்திருந்தது.

மகள் அழுதாள், சிரித்தாள், என் தோளில் ஒரு குத்துக் குத்தினாள், அந்த ஒழுங்கிலேயே. நான் புல்வெளியில் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தேன். சிவப்புக் கோடு அந்த ஆண்டு இறங்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. நான் நினைத்தபடி நடந்திருந்தால் அவள் இன்னொரு ஆண்டும் வெளியே நின்றிருப்பாள்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டியிருந்தது. தெரிந்த அன்றே என்னிடம் கடிதத்தைக் கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை?

அவள் பாணைத் தட்டில் வைத்தாள். "கேட்டால் நீங்கள் பொய் சொல்லுவீங்கள் எண்டு பயந்தன்," என்றாள். "நீங்கள் எனக்குப் பொய் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேக்க விருப்பமில்லை."

நான்கரை மாதங்கள் அவள் கேட்காமல் இருந்தது எனக்குத் தந்த தண்டனை என்று அந்தச் சில நிமிடங்களாக நினைத்திருந்தேன். அது தண்டனையே இல்லை. நான் பொய்யனாகாமல் இருக்க அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். எந்தக் கடிதம் என்று கேட்டிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை ஹ்விடோவ்ரே கூட்டாளியிடம் முழுவதையும் சொன்னேன். கடிதம், சுற்றுவட்டம், போத்தல், எல்லாம். மறுமுனையில் அவர் செருமிக்கொண்டார். பகிடிக்குத்தான் சொல் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"மாஸ்டர்," என்றார் கடைசியில். "என்ரை பேரனும் அதாலைதான் போனவன்."

"எதாலை?"

"அதுதான், மார்ச்சாலை. உனக்கு எப்படியடாப்பா சொல்லுறது? நீ ஒவ்வொரு கிழமையும் பின்கதவு, பின்கதவு எண்டு கொண்டு நிண்டாய்."

இருவரும் சிரிக்கத் தொடங்கினோம். அவருக்கு இருமல் வந்தது. நல்ல சிரிப்புத்தான். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு அந்த ரோல்ஸ் டப்பாக்கள் ஞாபகம் வந்தன.

கட்டக் கொப்பியின் பின்பக்கத்தில் என்னிடம் வந்த பிள்ளைகளின் விவரம் எழுதி வைத்திருந்தேன். மார்ச்சில் போகவேண்டாம் என்று நான் தடுத்த பிள்ளைகள் பதினொரு பேர். அந்தக் கிழமை முழுவதும் பதினொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தேன். நான் சொன்னது பிழை, மன்னிக்கவேண்டும் என்றேன். ஏழு வீட்டில் ஒரே பதில், வார்த்தைகள்தான் வேறு. ஒரு தாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயோ மாஸ்டர், நாங்கள் மார்ச்சிலையே போட்டனாங்கள். உங்களுக்கு மனம் நோகும் எண்டு சொல்லேல்லை." என் புத்திமதியை ரோல்ஸோடு சேர்த்து என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இவ்வளவு காலமும் நான்தான் அவர்களை நடத்துகிறேன் என்று இருந்தேன்.

மற்ற நாலு வீட்டில் என் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தி உளவியல் படிக்க விரும்பினாள். இரண்டு ஆண்டுகள் ஜூலைக்கு ஜூலை காத்திருந்து, அலுத்து, வேறொன்றைப் படித்து, இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவளே போனை எடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டதும், பரவாயில்லை மாமா, வேலை நல்ல வேலைதான் என்றாள். பிறகு, அந்த நேரம் நீங்கள் அவ்வளவு உறுதியாய்ச் சொன்னீங்கள் என்றாள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னாள். அவளுக்கு நான் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. இதை எழுதுவதால் அவளுடைய இரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் திரும்பி வராது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் பேத்தியை ஓல்போர்க்குக்குக் கொண்டுபோய் விட்டேன். அவளுடைய தகப்பனுக்கு அன்று வேலை, மகளுக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மப்பாதான் கூட்டிப்போவார் என்று பேத்தியே சொல்லிவிட்டாளாம். பின்னிருக்கையில் அவளுடைய மெத்தை, சோறு அவிக்கிற மின்பானை, அவளுடைய தாய் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் மூன்று போத்தல். வழியில் நிறுத்திப் பெற்றோல் அடித்து ஹொட் டோக் சாப்பிட்டோம். மாணவர் விடுதி வாசலில் காரை நிறுத்தியதும் நான் பின்கதவைத் திறக்கப் போனேன். அவள் இறங்கவில்லை.

"பெட்டியைத் திறவுங்கோ," என்றாள்.

உறை அங்கேயேதான் இருந்தது. உண்மையைச் சொன்ன பிறகும் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மூலையில் மட்டும் கோப்பிக் கறை. நான் அதைத் திறந்ததில்லை என்பதை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு என்னிடம் தந்து, தமிழில் வாசியுங்கோ என்றாள்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டேனிஷைத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். இத்தனை மாதம் வேலை செய்தாள், ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை என்று தொடங்கியது. முகம் மழிக்க யாரையும் கிட்டவிடாத ஒருவர் அவளை மட்டும் அனுமதிக்கிறார் என்று இருந்தது. அது என் தோழர்தான். வாய்விட்டுச் சொல்லாத வலியை முதலில் கவனிப்பவள் அவள்தான் என்று இருந்தது. கடைசி வரியை வாசிக்கும்போது என் குரல் கொஞ்சம் பிசகியது. யாருக்கும் முழுதாக விளங்காத ஒரு சீட்டு விளையாட்டை அவள் எங்கள் முதியவர்களோடு விளையாடுகிறாள், வயது போனவர்கள் என்பதற்காக அவள் ஒருவரையும் வெல்ல விடுவதில்லை, அதற்காக அவர்கள் அவளை மதிக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

"கடைசி வரியைத் திரும்ப வாசியுங்கோ."

திரும்ப வாசித்தேன். இந்தமுறை சரியாக வந்தது.

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து அவளிடம் நீட்டினேன். மார்ச்சில் அந்தச் சுற்றுவட்டத்தில் திரும்பியிருந்தால் எப்படி நீட்டியிருப்பேனோ, அப்படியே. அவளும் முதல்முறையாகப் பார்ப்பவள்போல் இரண்டு கையாலும் வாங்கினாள்.

"கொண்டுவந்து தந்ததுக்கு நன்றி, அம்மப்பா," என்றாள். "கொஞ்சம் பிந்திப்போச்சு." பிறகு இறங்கிப்போய், மிளகாய்த்தூள் போத்தல்களை என்னிடம் தந்துவிட்டுச் சோற்றுப் பானையைத் தான் தூக்கிக்கொண்டாள்.